காலை நேரப் பில் தாமதம்: கண்காணிப்பு எண்களையும் புரொஃபைல் பதிவையும் நிரல் மூலம் எடுப்பது எப்படி?

பூக்கணக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சில கமிஷன் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். உசிலம்பட்டி, வலையங்குளம் பக்கமிருந்து வரும் விவசாயி மூட்டையை இறக்கியதும், கடையில் எடை போட்டு, மல்லியா பிச்சியா என்று ரகத்தைத் தேர்ந்தெடுத்து, விலையைத் தட்டினால் பில் பதிவாகும். அவருடைய கைபேசிக்கு எஸ்எம்எஸ் போகும். ஜாவா 17, ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், இரண்டு சர்வர்கள். கண்காணிப்புக்கு, சர்வரின் எண்களைச் சேர்த்து வைக்கும் ப்ரோமிதியஸும் அவற்றை வளைகோடாகக் காட்டும் கிராஃபானாவும் இருக்கின்றன.

சாதாரண நாளில் ஒரு குறையும் இல்லை. முகூர்த்த நாளுக்கு முந்தைய காலையில்தான் தொல்லை. பொத்தானை அழுத்தினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னால் ஆள் நிற்பதால் கணக்குப்பிள்ளை கணினியை ஒதுக்கிவிட்டுத் துண்டுச் சீட்டில் எழுத ஆரம்பித்துவிடுகிறார். அந்தச் சீட்டுகளையெல்லாம் மதியம் உட்கார்ந்து ஏற்றுவது தனி வேலை.

முதலாளி கேட்பது ஒன்றுதான்: தினமும் காலை 9 மணிக்குள் ஒரு பக்கத் தாள். எந்த நேரத்தில் தாமதம், எவ்வளவு தாமதம், ஏன். இப்போது கிராஃபானாவைத் திறந்து வளைகோட்டைப் படம் பிடித்து அனுப்புகிறேன். 'ஏன்' என்ற இடம் காலியாகவே போகிறது.

இதைப் பைத்தான் நிரலாக எழுத நினைக்கிறேன். ப்ரோமிதியஸிடம் ஒரு மாதத்துக்கான எண்களை 5 நொடி இடைவெளியில் கேட்டால் 400 என்ற பிழைதான் வருகிறது. புரொஃபைலுக்கு, அதாவது நிரலுக்குள் எந்த இடத்தில் நேரம் போகிறது என்று பார்க்க, ஜாவாவின் ஃபிளைட் ரெக்கார்டர் (ஜேஎஃப்ஆர்) பதிவு இருக்கிறது. அதை மிஷன் கன்ட்ரோல் சாளரத்தில் திறந்து பார்க்கத்தான் எனக்குத் தெரியும். நிரல் வழியாக அதைப் படிக்க முடியுமா?

ஆனையூர்வாசி எழுதியது:

கிராஃபானாவிலேயே எச்சரிக்கை வைக்கலாமே? பில் பதிவு 2 நொடியைத் தாண்டினால் கைபேசிக்குச் செய்தி வந்துவிடும். இதற்கு ஏன் தனி நிரல்?

தெப்பக்குளம் எழுதியது:

ஆனையூர், எச்சரிக்கை வந்தால் தூக்கம் கலையும், காரணம் தெரியாது. முதலாளி கேட்பது காரணத்தை.

தம்பி பூக்கணக்கு, முதலில் அந்த 400. ஒரே கேள்வியில் ஒரு வரிசைக்கு 11,000 புள்ளிகளுக்கு மேல் ப்ரோமிதியஸ் தராது. 30 நாளை 5 நொடிக்கு ஒன்றாகக் கேட்டால் 5,18,400 புள்ளிகள். பிழை எண்ணோடு வரும் செய்தியிலேயே இது எழுதியிருக்கும். எண்ணை மட்டும் அச்சிட்டுவிட்டுச் செய்தியைத் தூக்கி எறியும் நிரலை யார் எழுதினாலும் எனக்குக் கோபம் வரும், இதையும் சொல்லி வைக்கிறேன். அதோடு, ப்ரோமிதியஸ் உங்கள் சர்வரிடம் 15 நொடிக்கு ஒருமுறைதான் எண் வாங்குகிறது என்றால், 5 நொடி இடைவெளியில் கேட்பதால் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

உங்களுக்கு மாதம் முழுவதும் எதற்கு? மார்க்கெட் நேரத்தை மட்டும் கேளுங்கள். காலை 4 முதல் 8 வரை, 15 நொடி இடைவெளி என்றால் 961 புள்ளிகள். அடங்கிவிடும். அதற்காக இடைவெளியை ஒரு மணி நேரம் என்று அகலமாக வைத்துவிடாதீர்கள். 5 நிமிட வீதத்தை ஒரு மணிக்கு ஒருமுறை கேட்டால் ஒவ்வொரு மணியிலும் கடைசி 5 நிமிடத்தைத்தான் பார்க்கிறீர்கள். 5.40-க்கு வந்து 5.50-க்கு அடங்கிய நெரிசல் தாளில் வரவே வராது.

அடுத்தது நேரம். நம் ஊர் ஆட்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ப்ரோமிதியஸ் எல்லாவற்றையும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கிறது. யுடிசி நள்ளிரவு நமக்குக் காலை 5.30. பூ மார்க்கெட் சூடு பிடிக்கும் நேரத்தின் நட்டநடுவில் தேதி மாறுகிறது! யுடிசி தேதி வாரியாகக் கூட்டினால் 5.30-க்கு முன் இறங்கிய மல்லி நேற்றைய கணக்கிலும், பின் இறங்கியது இன்றைய கணக்கிலும் போகும். இரண்டு நாளும் பாதிப் பாதியாகத் தெரியும், எந்த நாளும் மோசமாகத் தெரியாது. பைத்தானில் நேர மண்டலத்துக்கான ஸோன்இன்ஃபோவில் ஆசியா/கொல்கத்தா என்று கொடுத்து, தொடக்கத்தையும் முடிவையும் நம் நேரத்தில் அமைத்து, அனுப்பும்போது மட்டும் யுடிசிக்கு மாற்றுங்கள்.

வரும் பதிலில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஜோடி: நேரம், மதிப்பு. நேரம் எண்ணாக வரும், மதிப்பு மேற்கோள் குறிக்குள் சரமாக, அதாவது எழுத்துகளாக வரும். பில்லே போடாத நிமிடங்களில் அந்தச் சரம் 'NaN', அதாவது எண் இல்லை என்ற குறி. அதை வடிகட்டாமல், மிகப் பெரிய எண்ணைத் தேடும் பைத்தானின் மேக்ஸிடம் கொடுத்தால், அந்தக் குறி வரிசையின் தலையில் இருக்கும்போது விடையும் அதுவே. நடுவில் இருந்தால் விடை சரியாக வந்துவிடும். அதனால் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. காலை 4 மணிக்குக் கடை திறந்திருக்காது என்றால் உங்கள் வரிசையின் தலையில் இருக்கப்போவது அதுதான்.

எந்த எண்ணைக் கேட்பது? சராசரியைக் கேட்காதீர்கள். நூறு பில்லில் தொண்ணூற்றைந்து எத்தனை நொடிக்குள் முடிந்தன என்று, அதாவது 95-ஆம் நூற்றுமானத்தை, கேளுங்கள். அதற்கு ஸ்பிரிங் பூட் அமைப்பில் ஹிஸ்டோகிராம் வாளிகளை (இத்தனை நொடிக்குள் முடிந்தவை இத்தனை என்ற எண்ணிக்கைகளை) வெளியிடும்படி தனியாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அதன் அளவீட்டு நூலகமான மைக்ரோமீட்டர், எண்ணிக்கை, மொத்த நேரம், உச்சம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டு சர்வர் இருப்பதால் இன்னொன்று: ஒவ்வொன்றின் 95-ஆம் நூற்றுமானத்தையும் தனித்தனியே எடுத்து இரண்டால் வகுத்தால் வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது. வாளிகளை முதலில் கூட்டி, வாளி எல்லையைக் குறிக்கும் 'எல்இ' குறியை விடாமல் வைத்து, அதன் பிறகு நூற்றுமானம் எடுக்க வேண்டும்.

இன்னொரு காரணத்துக்காகவும் நிரல் வேண்டும். அமைப்பை மாற்றாவிட்டால் ப்ரோமிதியஸ் 15 நாள்தான் வைத்திருக்கும். போன ஆவணி முகூர்த்தத்தையும் இந்தத் தையையும் ஒப்பிட வேண்டுமானால், தினமும் உங்கள் தாளில் போகும் எண்களைத் தரவுத்தளத்தில் ஒரு வரியாகவும் சேர்த்து வையுங்கள்.

இனி அந்தக் காலி இடத்துக்கு வருவோம். ஃபிளைட் ரெக்கார்டரைத் தொடர்ந்து ஓட விடுங்கள், கடைசி 6 மணி நேரத்தை வைத்திருக்கச் சொல்லுங்கள். தாமதம் எப்போது என்று ப்ரோமிதியஸ் சொன்னதும், நிரலே, ஓடும் ஜாவா செயலிக்கு உத்தரவு தரும் ஜேசிஎம்டி கட்டளையின் ஜேஎஃப்ஆர் டம்ப்பை அழைத்து, அந்த நேரத்தின் தொடக்கமும் முடிவும் கொடுத்துக் கோப்பை இறக்கிக்கொள்ளட்டும். ஜாவா செயலி எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பயனராகவே ஜேசிஎம்டியையும் ஓட்ட வேண்டும். பதிவு துண்டு துண்டாகத்தான் சேமிக்கப்படுகிறது என்பதால், கேட்ட நேரத்துக்கு முன்னும் பின்னும் உள்ளதும் கோப்பில் சேர்ந்து வரும். படிக்கும்போது ஒவ்வொரு நிகழ்வின் தொடக்க நேரத்தையும் பார்த்து வெட்டிவிடுங்கள்.

படிக்க இரண்டு வழி. ஜாவாவில் ரெக்கார்டிங்ஃபைல் என்ற வகுப்பு இருக்கிறது. நிகழ்வுகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்கும் மெத்தட் பெரிய கோப்பில் நினைவகத்தை விழுங்கிவிடும். பைத்தான்தான் வேண்டுமென்றால், ஜேடிகே என்ற ஜாவா மேம்பாட்டுத் தொகுப்போடு வரும் ஜேஎஃப்ஆர் கருவியிடம் தேவையான நிகழ்வுகளின் பெயரைச் சொல்லி, பைத்தான் எளிதாகப் படிக்கும் ஜேசான் வடிவத்தில் அச்சிடச் சொல்லுங்கள்.

எந்த நிகழ்வு? எல்லோரும் எக்ஸிக்யூஷன் சாம்பிளுக்குத்தான் ஓடுவார்கள். இயல்பான அமைப்பில் 20 மில்லிநொடிக்கு ஒருமுறை, ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா திரெட்களை (செயலிக்குள் தனித்தனியாக ஓடும் வேலை இழைகளை) அது குறித்துக்கொள்கிறது. ஓடுபவற்றை மட்டும். காத்துக்கொண்டு நிற்கும் திரெட் அதன் கண்ணில் படவே படாது. உங்கள் சிபியு அந்த நேரத்தில் சும்மா இருக்கிறது என்றால், நீங்கள் பார்க்க வேண்டியவை திரெட் பார்க் (திரெட் நிறுத்தி வைக்கப்படுவது), ஜாவா மானிட்டர் என்டர் (பூட்டுக்காகக் காத்திருப்பது), சாக்கெட் ரீட் (வேறு சர்வரின் பதிலுக்காகக் காத்திருப்பது) ஆகியவை. 20 மில்லிநொடிக்கு மேல் நீடித்தவை அவற்றில் பதிவாகியிருக்கும். தரவுத்தள இணைப்புகளை ஒரு குளமாக வைத்துப் பகிர்ந்து தருவது ஹிகாரி; அதனிடம் இணைப்புக்காகக் காத்திருப்போர் எண்ணிக்கையையும் ப்ரோமிதியஸிடம் கேளுங்கள். இணைப்புக் குளத்தின் இயல்பான அளவு 10தான். என் சந்தேகம் அங்கேதான் போகிறது.

பசுமலை எழுதியது:

தெப்பக்குளம் அண்ணன் சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. நிரல் எளிதாக எட்ட வேண்டும் என்பதற்காக ப்ரோமிதியஸின் 9090 போர்ட்டையோ, ஸ்பிரிங் பூட்டின் உள்நிலையைக் காட்டும் ஆக்சுவேட்டரின் எல்லா முகவரிகளையுமோ வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள் தம்பி. நாமாக அமைக்காதவரை ப்ரோமிதியஸ் கடவுச்சொல்லே கேட்பதில்லை. ஆக்சுவேட்டரில், நினைவகத்தைக் கோப்பாக இறக்கித் தரும் ஹீப் டம்ப் என்ற முகவரி திறந்திருந்தால், நினைவகத்தில் அந்த நொடியில் இருக்கும் விவசாயிகளின் கைபேசி எண்கள் அப்படியே வெளியே போகும்.

ஃபிளைட் ரெக்கார்டர் கோப்பும் சாதுவானது இல்லை. செயலி தொடங்கியபோது இருந்த சூழல் மாறிகள் (வெளியிலிருந்து செயலிக்குத் தரப்படும் அமைப்பு மதிப்புகள்) அதில் நிகழ்வுகளாகப் பதிவாகின்றன. தரவுத்தளக் கடவுச்சொல்லைச் சூழல் மாறியில் வைத்திருந்தால் அதுவும் கோப்புக்குள் இருக்கும். 'கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்' என்று நண்பருக்கு அனுப்புமுன் அந்த நிகழ்வுகளை நீக்குங்கள். ஜேடிகே 19 முதல் ஜேஎஃப்ஆர் கருவியிலேயே ஸ்க்ரப் என்ற கட்டளை இதற்காக இருக்கிறது.

பூக்கணக்கு எழுதியது:

அண்ணே, அக்கா, இருவருக்கும் நன்றி. நேற்று முகூர்த்தத்துக்கு முந்தைய காலை. நிரல் ஓடியது.

5.40-லிருந்து 6.10 வரை 95-ஆம் நூற்றுமானம் 7 நொடிக்கு மேல். சிபியு 20 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இணைப்புக்காகக் காத்திருப்போர் எண்ணிக்கை அதே அரை மணி நேரம் உயர்ந்தே நின்றது. திரெட் பார்க் நிகழ்வுகளின் ஸ்டாக்கை (எந்த மெத்தட் எதை அழைத்தது என்ற அடுக்கை) பார்த்தால் எல்லாமே ஹிகாரியிடம் இணைப்பு கேட்கும் இடம். காத்திருப்பது யார் என்று தெரிந்தது, பிடித்து வைத்திருப்பது யார் என்று தெரியவில்லை. சாக்கெட் ரீட் நிகழ்வுகளை ஹோஸ்ட் (எதிர்முனை சர்வர்) வாரியாகக் கூட்டினேன். தரவுத்தளத்துக்கு ஒன்றிரண்டுதான். மற்றவையெல்லாம் எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையின் முகவரி, ஒவ்வொன்றும் 2, 3 நொடி. அவற்றின் ஸ்டாக்கில் கீழே இறங்கினால் பில் சேமிக்கும் மெத்தட் நிற்கிறது. பில்லை ஒரே தொகுதியாகத் தரவுத்தளத்தில் பதியும் டிரான்சாக்ஷனுக்குள்ளேயே எஸ்எம்எஸ் அழைப்பும் இருக்கிறது, அது முடியும்வரை இணைப்பும் விடுபடுவதில்லை.

ஒரு சந்தேகம். சில நிகழ்வுகளில் ஸ்டாக் பாதியிலேயே நின்றுவிடுகிறது, எங்கள் மெத்தட் தெரிவதில்லை. இரண்டாவது, குளத்தின் அளவை 10-லிருந்து 50 ஆக்கினால் போதுமா? அல்லது எஸ்எம்எஸ்ஸை டிரான்சாக்ஷன் முடிந்த பிறகு ஓடும் நிரல் பகுதியான லிசனருக்கு மாற்றட்டுமா?

தெப்பக்குளம் எழுதியது:

அருமை தம்பி. ஹோஸ்ட் வாரியாகக் கூட்டியது நல்ல யோசனை.

ஸ்டாக் வெட்டுப்படுவதற்குக் காரணம், இயல்பான ஆழம் 64. ஸ்பிரிங்கின் அடுக்குகளே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். செயலியைத் தொடங்கும்போது ஃபிளைட் ரெக்கார்டர் விருப்பங்களில் ஸ்டாக் டெப்த்தை 128 ஆக்குங்கள். தாளில் முழு ஸ்டாக்கையும் அச்சிட வேண்டாம். மேலிருந்து இறங்கி, உங்கள் பேக்கேஜ் பெயரில் தொடங்கும் முதல் மெத்தட் வந்ததும் நிறுத்தி, அதன் பெயரில் நேரத்தைக் கூட்டுங்கள். முதலாளிக்குப் புரியும்படி 'பில் சேமிப்பு, எஸ்எம்எஸ் காத்திருப்பு, மொத்தம் இத்தனை நொடி' என்று ஒரே வரி போதும்.

50 வேண்டாம். எஸ்எம்எஸ் சேவை இன்னும் கொஞ்சம் தாமதித்தால் அந்த 50-ம் நிரம்பும், தரவுத்தளத்துக்கும் சுமை கூடும்.

லிசனர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கமிட் ஆன (பதிவு உறுதியான) பிறகு ஓடும் லிசனர் அதே திரெட்டில்தான் ஓடுகிறது. இணைப்பு குளத்துக்குத் திரும்புவது அது முடிந்த பிறகுதான். எஸ்எம்எஸ்ஸை அங்கே மாற்றினால் தரவுத்தளப் பூட்டுகள் விடுபடும், இணைப்பு விடுபடாது, உங்கள் வரிசை குறையாது. அனுப்ப வேண்டிய எஸ்எம்எஸ்ஸை அதே டிரான்சாக்ஷனில் ஓர் அட்டவணையில் ஒரு வரியாக எழுதிவிட்டு, தனித் திரெட் ஒன்று அதை எடுத்து அனுப்பட்டும். சேவை படுத்துவிட்டாலும் பில் நிற்காது, எஸ்எம்எஸ்ஸும் தொலையாது.

ஆனையூர்வாசி எழுதியது:

அப்படியானால் விவசாயிக்கு எஸ்எம்எஸ் சில நொடி தாமதமாகப் போகுமே, பரவாயில்லையா?

பூக்கணக்கு எழுதியது:

பரவாயில்லை அண்ணே. கையில் பில் இருந்தால் அவர் நேராக டீக்கடைக்குத்தான் போவார். எஸ்எம்எஸ் அங்கே வந்து சேர்ந்தால் போதும். அட்டவணையில் அனுப்பாமல் தேங்கி நிற்கும் வரிகளின் எண்ணிக்கையையும் ப்ரோமிதியஸுக்கு ஓர் எண்ணாக வெளியிட்டு, காலைத் தாளில் சேர்த்துவிடுகிறேன்.