பிக்கரிங் சுவரோவியங்கள்: எது பழசு, எது பூச்சு?

நண்பர்களே, இங்கிலாந்தில் வடக்கு யார்க்‌ஷரின் பிக்கரிங் தேவாலயத்தைப் பற்றி ஒரு உதவி. உள்ளே தூண் வளைவுகளுக்கு மேலே சுவர் நெடுக 15ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். குழந்தை இயேசுவைத் தோளில் சுமக்கும் புனிதர் கிறிஸ்டோபர், உடம்பெல்லாம் அம்பு தைத்த புனிதர் எட்மண்ட். 1852இல் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து வெளிப்பட்டவை. பாதிரியாருக்குப் பிடிக்கவில்லை, மறுபடி வெள்ளையடித்துவிட்டார்! பிற்பாடு சுரண்டியெடுத்துப் புதுப்பித்தவர்கள் கொஞ்சம் தாராளமாகவே தீட்டிவிட்டார்கள். முகங்களின் கறுப்புக் கோடுகள் எனக்கு விக்டோரியா காலத்துக் கைவேலையாகத்தான் படுகின்றன.

பழைய கோடுகளையும் பிற்காலப் பூச்சையும் எப்படிப் பிரித்தறிவது? சுவரோவியப் பாதுகாப்பில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள். அப்புறம், யார்க்‌ஷர் பக்கம் இருப்பவர்கள் யாராவது எட்மண்டின் முகத்தை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்ப முடியுமா? ஃபிளாஷ் வேண்டாம்.