நிலா விழுந்துகொண்டேதான் இருக்கிறது

குழு: நம் வீட்டார்

சனி, இரவு

பெரியப்பா, 9:41
பகிரப்பட்ட செய்தி: "எச்சரிக்கை! அடுத்த வாரம் பூமியும் நிலாவும் 5 விநாடி அசையாமல் நிற்கப் போகின்றன. அந்த நேரத்தில் யாரும் வெளியே வராதீர்கள். எல்லாருக்கும் அனுப்புங்கள்."

பெரியப்பா, 9:42
உண்மையா என்று தெரியவில்லை. எதற்கும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

பாட்டி, 9:55
இது என்னடா புதுசா ஒன்று.

ஞாயிறு

அம்மா, காலை 6:50
கவின் ராத்திரி சரியாகவே தூங்கவில்லை. என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "நாம் எல்லாரும் பறந்துபோய்விடுவோமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மலர், நீ கொஞ்சம் சொல்லேன். நீ சொன்னால் நம்புவான்.

சித்தி, காலை 7:04
ஐயோ, பாவம். கவின் கண்ணா, முதலில் இதைக் கேள். அப்படி எதுவும் நடக்காது. அடுத்த வாரமும் நடக்காது, அதற்கடுத்த வாரமும் நடக்காது. பம்பரம் ஏன் நிற்கிறது? தரை உரசுகிறது, காற்று உரசுகிறது. பூமி எந்தத் தரையிலும் நின்று சுற்றவில்லை, வெளியே உரசுவதற்குக் காற்றும் இல்லை. இவ்வளவு பெரிய உருண்டையைத் திடீரென்று பிடித்து நிறுத்துவதற்கு ஒன்றுமே கிடையாது.

பெரியப்பா, காலை 7:10
சின்னப் பிள்ளை படிப்பான் என்று யோசிக்காமல் அனுப்பிவிட்டேன். மன்னித்துவிடு கவின்.

கவின், காலை 7:15
பரவாயில்லை பெரியப்பா. சித்தி, நடக்காது, சரி. ஆனால் நடந்தால்?

சித்தி, காலை 7:18
அது நல்ல கேள்வி. பல் துலக்கிச் சாப்பிட்டுவிட்டு வா, உட்கார்ந்து பேசலாம். வரும்போது உன் அளவுகோலையும் எடுத்து வா.

கவின், காலை 8:02
வந்துவிட்டேன். அளவுகோல் கையில் இருக்கிறது.

சித்தி, காலை 8:06
பூமிக்கு இரண்டு ஓட்டம் உண்டு. தன்னைத்தானே சுற்றுவது ஒன்று, சூரியனைச் சுற்றுவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாமல் முதலில் தன்சுழற்சியைப் பார்ப்போம். நிலநடுக்கோட்டில் நிற்கும் ஒருவர் மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். விநாடிக்கு 465 மீட்டர். பேருந்து திடீரென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம் இல்லையா? அதேதான். தரை மட்டும் நின்றுவிட்டால், தரையோடு ஒட்டியிராத அத்தனையும், காற்று, கடல், மண், மனிதர் எல்லாம், அதே வேகத்தில் கிழக்கே பாயும்.

தேன்மொழி அக்கா, காலை 8:09
அது புயலைவிட வேகமா சித்தி?

சித்தி, காலை 8:13
ஒப்பிடவே முடியாது தேன்மொழி. 2015-இல் பசிபிக்கில் வந்த பேட்ரிசியா புயலில் காற்று மணிக்கு 345 கி.மீ. வரை போனது. பதிவானவற்றில் மிகக் கடுமையான புயல்களில் அதுவும் ஒன்று. இது அதைப் போல ஐந்து மடங்கு, ஒலியைவிடவும் வேகம். அதனால் "5 விநாடி மட்டும்" என்பதில் ஓர் ஆறுதலும் இல்லை. முதல் விநாடியிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

கவின், காலை 8:14
அப்போது விண்வெளிக்குப் பறந்துபோவோமா?

சித்தி, காலை 8:17
போகமாட்டோம். பூமியை விட்டுத் தப்பிக்க விநாடிக்கு 11.2 கி.மீ. வேகம் வேண்டும், நம்மிடம் இருப்பது அரை கி.மீ.கூட இல்லை. இன்னொன்று, எல்லா இடத்திலும் ஒரே வேகம் கிடையாது. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கேயோ தெற்கேயோ போகப் போகக் குறையும், 60 பாகை (டிகிரி) அட்சக்கோட்டில் பாதியாகிவிடும். சரியாகத் துருவத்தில் நிற்பவர் நின்ற இடத்திலேயே நாளுக்கு ஒருமுறை திரும்புகிறார், அவ்வளவுதான். அவரை எதுவும் தூக்கி எறியாது. ஆனால் மற்ற இடங்களிலிருந்து கிளம்பிய காற்று கொஞ்ச நேரத்தில் அவரையும் தேடி வந்துவிடும்.

தேன்மொழி அக்கா, காலை 8:20
பூமி சுற்றாவிட்டால் ஈர்ப்பே இருக்காது என்று எங்கேயோ படித்தேனே?

சித்தி, காலை 8:24
அது தவறு. ஈர்ப்பு பூமியின் நிறையிலிருந்து வருகிறது, சுழற்சியிலிருந்து இல்லை. சொல்லப்போனால் சுழற்சிதான் நம் எடையை ஒரு துளி குறைத்து வைத்திருக்கிறது. பூமி நின்றால், நிலநடுக்கோட்டில் 60 கிலோ காட்டும் ஒருவருக்குத் தராசு சுமார் 200 கிராம் கூடுதலாகக் காட்டும்.

பாட்டி, காலை 8:31
இவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்கிறாய். எனக்கு ஒரு தலைசுற்றல்கூட வரவில்லையே மலர்?

சித்தி, காலை 8:37
வேகம் மாறாமல் இருப்பதால்தான் அம்மா. வேகம் கூடும்போதோ குறையும்போதோதான் உடம்புக்குத் தெரியும். ஆரியபட்டர் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு படகை உதாரணம் காட்டினார். படகில் முன்னே போகிறவனுக்குக் கரையில் அசையாமல் நிற்பவை எல்லாம் பின்னே போவதாகத் தெரியும். அதே மாதிரி, அசையாத விண்மீன்கள் நமக்கு மேற்கே போவதாகத் தெரிகின்றன என்றார். 1851-இல் பாரிசில் ஃபூக்கோ நீளமான கம்பியில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினார். அது ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்புவதைச் சனங்கள் நின்று பார்த்தார்கள். திரும்பியது அவர்கள் காலுக்குக் கீழே இருந்த தரை.

பெரியப்பா, காலை 8:44
சட்டென்று நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றால்?

சித்தி, காலை 8:52
அப்போது யாரும் தூக்கி எறியப்படமாட்டார்கள் அத்தான். ஆனால் உலகமே வேறு மாதிரி ஆகிவிடும். ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு. சுழற்சி இல்லாமல் சூரியனை மட்டும் சுற்றிவந்தால், சூரியன் மேற்கே உதித்துக் கிழக்கே மறையும்.

பாட்டி, காலை 8:54
"சூரியன் மேற்கே உதித்தாலும்" என்று பேச்சுக்குத்தானே சொல்வோம்!

சித்தி, காலை 9:01
அந்தப் பேச்சு மெய்யாகிவிடும் அம்மா. கடலும் இடம் மாறும். சுழற்சியால் பூமியின் இடுப்பு கொஞ்சம் புடைத்திருக்கிறது. துருவத்தைவிட நிலநடுக்கோடு பூமியின் மையத்திலிருந்து 21 கி.மீ. தள்ளி இருக்கிறது. அந்தப் புடைப்பின்மேல் கடல் வழியாமல் நிற்பதே சுழற்சியால்தான். அது போனால் நீர் இரண்டு துருவங்களை நோக்கி ஓடிவிடும். வடக்கே ஒரு பெருங்கடல், தெற்கே ஒரு பெருங்கடல், நடுவில் பூமியைச் சுற்றி வளையம் மாதிரி ஒரே நிலம்.

கவின், காலை 9:03
சித்தி, அளவுகோல் எதற்கு?

சித்தி, காலை 9:10
இதோ, இப்போதுதான் அதற்கு வேலை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நிலா ஏன் கீழே விழவில்லை என்று யாராவது கேட்டால், அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது என்று சொல். நியூட்டன் கண்டுகொண்டது இதைத்தான். அளவுகோலில் ஒரு மி.மீ. கோட்டையும் அடுத்த கோட்டையும் பார். அதற்கு மேல் இன்னும் அரைக் கோட்டுக்கும் சற்றுக் குறைவாகச் சேர்த்துக்கொள். ஒவ்வொரு விநாடியும் நிலா பூமியை நோக்கி விழுவது அவ்வளவுதான், சுமார் 1.4 மி.மீ. அதே விநாடியில் அது பக்கவாட்டில் ஒரு கி.மீ. ஓடிவிடுகிறது. விழுவதும் ஓடுவதும் சேர்ந்துதான் வட்டமாகிறது.

கவின், காலை 9:12
இத்துனூண்டா! என் பென்சில் முனைகூட அதைவிடப் பெரிசு.

சித்தி, காலை 9:15
ஆமாம். பூமியும் அப்படித்தான். ஒரு விநாடியில் சூரியனை நோக்கி 3 மி.மீ. விழுகிறது, பக்கவாட்டில் ஏறக்குறைய 30 கி.மீ. ஓடுகிறது.

கவின், காலை 9:19
அந்த ஓட்டம் நின்றுவிட்டால் விழுவது மட்டும்தான் மிச்சம்!

சித்தி, காலை 9:20
அதேதான் கண்ணா. நீயே சொல்லிவிட்டாய்.

பெரியப்பா, காலை 9:26
அப்படியானால் எது முதலில் நடக்கும்? நிலா நம்மேல் விழுவதா, நாம் சூரியனில் விழுவதா?

சித்தி, காலை 9:41
நிலாதான் முதலில், அத்தான். சுற்றும் ஒன்று திடீரென்று நின்றால் எத்தனை நாளில் விழும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் காலத்தை 5.66-ஆல் வகுக்க வேண்டும். நிலாவுக்கு 27.3 நாள். வகுத்தால் 5 நாளுக்கும் சற்றுக் குறைவு. நிலா இருப்பது 3,84,400 கி.மீ. தொலைவில். முதல் நாள் முழுக்க அது 10,000 கி.மீ.தான் இறங்கியிருக்கும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சாதாரண மாதத்திலேயே நிலா அதைவிட அதிகமாகக் கிட்டே வந்து தள்ளிப் போகிறது. பாதி வழி வரவே நான்கு நாள் ஆகும். அன்றைக்கு நிலா இரு மடங்கு அகலமாகத் தெரியும், கடலை இழுக்கும் விசை எட்டு மடங்காகும். மீதிப் பாதியை ஒரு நாளுக்குள் கடந்துவிடும். வந்து மோதும்போது வேகம் விநாடிக்கு 10 கி.மீ. அளவில் இருக்கும்.

அம்மா, காலை 9:43
படிக்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது.

சித்தி, காலை 9:50
சூரியன் கணக்கும் அதுவே. 365-ஐ 5.66-ஆல் வகுத்தால் 65 நாள் வரும். நிலாவை மறந்துவிட்டுப் பூமியை மட்டும் பார்த்தால், 41-ஆவது நாள் வாக்கில் வெள்ளியின் பாதையைத் தாண்டும். 53-ஆவது நாள் பாதித் தொலைவுக்கு வந்துவிடும், வெயில் நான்கு மடங்கு. ஆனால் அதையெல்லாம் பார்க்க அதற்கு வெகு முன்பே யாரும் இருக்கமாட்டார்கள். இதற்குமேல் விவரிக்க எனக்கே மனம் வரவில்லை.

பாட்டி, காலை 9:58
போதும் போதும். பூமி களைத்துப்போய்த் தானாக நிற்காதா, அதை மட்டும் சொல்.

சித்தி, காலை 10:12
வேகம் குறைவது உண்மைதான் அம்மா. ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். நிலா கடலை இழுப்பதால் ஏற்படும் உராய்வில் ஒரு நாளின் நீளம் நூறு ஆண்டுக்குச் சுமார் 2 மில்லி விநாடி கூடுகிறது. ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு. பூமி இழக்கும் சுழற்சி நிலாவுக்குப் போய்ச் சேர்வதால், நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது. நம் விரல் நகம் ஓர் ஆண்டில் வளர்வதும் ஏறக்குறைய அவ்வளவுதான். 1969-இல் அப்பல்லோ 11 வீரர்கள் அங்கே எதிரொளிப்பான்களை வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து இதை அளக்கிறார்கள்.

சித்தி, காலை 10:15
பவளத்திலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. பவளம் நாளுக்கொரு மெல்லிய வரி வளர்க்கும். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய புதைபடிவப் பவளங்களில் ஓர் ஆண்டுக்கு 400 வரி அளவில் எண்ண முடிந்தது. அன்றைக்கு ஆண்டில் அத்தனை நாள், ஒவ்வொரு நாளும் சுமார் 22 மணி நேரம். 40 கோடி ஆண்டில் பூமியின் வேகம் குறைந்தது அவ்வளவுதான் என்றால், அடுத்த வாரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம்.

பாட்டி, காலை 10:20
அப்பாடா. இனி நிம்மதியாக இருப்பேன்.

கவின், காலை 10:24
சித்தி, பூமி சுற்றுவதை நானே பார்க்க முடியுமா? குண்டு, கம்பி எதுவும் இல்லை.

சித்தி, காலை 10:31
முடியும். இன்றைக்குப் பௌர்ணமி. மாலை இருட்டியதும் கிழக்குப் பக்க ஜன்னலில் நில். நெற்றியைக் கம்பியில் ஒட்டிவைத்துக்கொள், தலை அசையக்கூடாது. எதிர்வீட்டுக் கூரையின் விளிம்பில் நிலாவின் முதல் கீற்று தெரிந்ததும் நேரத்தைக் குறி. முழு நிலாவும் விளிம்பை விட்டு விலகும்போது மறுபடி குறி. 2 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அந்த ஏற்றம் பெரும்பாலும் நிலாவுடையது இல்லை, உன்னையும் ஜன்னலையும் சுமந்துகொண்டு பூமி திரும்புவது. நாளைக்கும் அதே இடத்தில், அதே கம்பியில் நெற்றியை வைத்துப் பார். நிலா நேரம் கழித்து வரும். எவ்வளவு கழித்து என்று நான் சொல்லமாட்டேன். அந்த வித்தியாசம் நிலாவின் சொந்த ஓட்டம்.

கவின், இரவு 7:43
முதல் கீற்று 7:36. முழுதாக வெளியே வந்தது 7:38-ம் 20 விநாடியும். 2 நிமிடம் 20 விநாடி! கண்ணெதிரே நகர்ந்தது சித்தி. அம்மாவும் பார்த்தாள்.

அம்மா, இரவு 7:45
நானும் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட இப்படி நின்று பார்த்ததில்லை.

பாட்டி, இரவு 7:58
எங்கள் வீட்டில் ஜன்னல் இந்தப் பக்கம் இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

திங்கள்

கவின், இரவு 7:40
நேற்று வந்த நேரம் தாண்டிவிட்டது. கூரை காலியாக இருக்கிறது. காத்திருக்கிறேன்.

பெரியப்பா, இரவு 8:05
இன்னும் வரவில்லையா?

கவின், இரவு 8:06
இல்லை பெரியப்பா. கூரைக்குப் பின்னால் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

கவின், இரவு 8:25
8:24! வந்துவிட்டது! 48 நிமிடம் தாமதம். சித்தி, நிலா ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பாட்டி, இரவு 8:27
இங்கேயும் வந்துவிட்டதடா கண்ணா.