பழைய டீசல் போலிரோவில் க்ரூஸ் கண்ட்ரோல் பொருத்தலாமா?

வெண்ணாற்றுப் பாசனம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்தில் விவசாயம் செய்து வருகிறேன். என்னிடம் 2005ஆம் ஆண்டு வாங்கிய போலிரோ டி.ஐ. வண்டி இருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் உள்ளது. டீசல் பம்ப் பழைய இயந்திர வகை; ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து பம்ப் லீவருக்கு நேராகக் கேபிள் போகிறது; ஸ்பீடோமீட்டரும் கேபிளில்தான் ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வாய்க்கால் கரைச் சாலையில் இறங்கி ஏறுவதற்கு இதைவிட நம்பகமான வண்டி எனக்கு வாய்க்கவில்லை என்பதால், இதை விற்கும் எண்ணம் இல்லை.

கடந்த ஓராண்டாக என் தாயாரின் சிகிச்சைக்காக மாதம் இருமுறை தஞ்சாவூர், திருச்சி வழியாக மதுரைக்குச் செல்கிறேன். தஞ்சாவூரைத் தாண்டினால் கடைசி வரை நான்கு வழிச்சாலைதான். ஆனால் எனது வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருப்பதால், காலை ஒரே நிலையில் வைத்து ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருப்பது விராலிமலை வருவதற்குள்ளேயே வேதனையாகிவிடுகிறது. துவரங்குறிச்சியில் வண்டியை நிறுத்திக் காலை நீட்டிவிட்டுத்தான் மேலே போக முடிகிறது.

இதுவரை மூன்று யோசனைகள் கிடைத்துள்ளன. எங்கள் ஊர் மெக்கானிக், டிராக்டரில் உள்ளதுபோல் ஒரு கை ஆக்சிலேட்டர் கேபிள் போட்டுவிடலாம், செலவும் குறைவு என்கிறார். பழைய சாமான் கடை ஒன்றில் வேக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சும் விசையில், இயங்கும் க்ரூஸ் கண்ட்ரோல் (காலால் மிதிக்காமலே வேகத்தை ஒரே அளவில் வைக்கும்) கருவி ஒன்று இருக்கிறது. இணையத்தில் விற்கும் ஒருவர், ஆக்சிலேட்டர் மிதியின் சாக்கெட்டில் செருகும் சிறு பெட்டி போதும் என்கிறார். இவற்றில் எது என் வண்டிக்குப் பொருந்தும்?

பொன்மலை ஒயரிங் எழுதுகிறார்:

ஐயா, வணக்கம். திருச்சியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறேன். இணையத்தில் சொன்ன செருகு பெட்டியை முதலில் தள்ளிவிடுங்கள். அது காமன் ரெயில் எஞ்சின், அதாவது டீசல் அளவைக் கணினி தீர்மானிக்கும் எஞ்சின், உள்ள வண்டிகளுக்கானது. அவற்றில் மிதியில் கேபிள் இருக்காது. மிதியில் உள்ள சென்சார் எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை மின் அழுத்தமாகக் கணினிக்குச் சொல்லும். அந்தப் பெட்டி இடையில் நின்று அதே மின் அழுத்தத்தைத் தானே கொடுக்கும். உங்கள் வண்டியில் அதைச் செருகுவதற்கு இடமே கிடையாது.

வேக்குவம் வகை பெட்ரோல் கார்களுக்காக உருவானது. பெட்ரோல் எஞ்சினில் காற்று போகும் வழியை த்ராட்டில் தகடு அடைப்பதால் உறிஞ்சல் தானாகக் கிடைக்கிறது. டீசலில் அந்தத் தகடு இல்லாததால், ஒரு தனி வேக்குவம் பம்ப் வைத்து, பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிக்கும் விசையைக் கூட்டும் பாகம்) வேண்டிய உறிஞ்சலை உண்டாக்குகிறார்கள். ஆகவே நீங்கள் அந்தக் கருவியைப் பொருத்தினால் பிரேக்குக்கு உரிய வேக்குவத்தில்தான் பங்கு கேட்க வேண்டும். ஒருவழி வால்வும் தனிச் சேமிப்புக் குடுவையும் வைத்துச் செய்தவர்கள் உண்டு. ஆனாலும், எந்த வயதானது என்று தெரியாத ரப்பர் குழாய் ஒன்று வெடித்தால் பிரேக் மிதி கல்லாகிவிடும் என்ற நிலையை உங்கள் வண்டிக்குள் நீங்களே கொண்டுவருவதை நான் ஏற்க மாட்டேன்.

உங்களுக்கு ஏற்றது மின் மோட்டாரில் இயங்கும் கேபிள் வகை. வெளிநாடுகளில் ரோஸ்ட்ரா நிறுவனம் விற்ற 250-1223 என்ற மாதிரி இந்த வகையைச் சேர்ந்தது. அதனுள் சிறு மோட்டாரும் மின்காந்தக் கிளட்சும் இருக்கின்றன. மின்சாரம் நின்ற அந்தக் கணமே கிளட்ச் விட்டுவிடும், ஸ்பிரிங் லீவரை ஐடிலுக்கு (மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் குறைந்த சுற்றுக்கு) இழுத்துவிடும். வேகத்தை அறிவதற்கு சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் காந்தம் ஒட்டி, அது கடக்கும்போதெல்லாம் ஒரு மின் துடிப்பு தரும் பிக்கப் காயிலை அருகில் வைக்கலாம். கணினி இல்லாத வண்டி என்று தயங்க வேண்டாம். க்ரூஸ் கண்ட்ரோலை உருவாக்கிய ரால்ஃப் டீட்டர் பார்வையற்ற பொறியாளர். அவர் 1950இல் காப்புரிமை பெற்ற கருவி 1958இல் க்ரைஸ்லர் இம்பீரியல் காரில் வந்தபோது, அதுவும் ஸ்பீடோமீட்டர் கேபிளின் சுழற்சியைக் கொண்டுதான் வேகத்தைக் கணித்தது.

காந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் டயர் 215/75 ஆர் 15 என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் போகும். ஆக்சில் விகிதம் 4, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் நான்கு முறை சுற்றும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு ஷாஃப்ட் சுமார் 1,800 முறை சுற்றும்; இரண்டு காந்தங்கள் என்றால் 3,600 துடிப்புகள். கருவியில் உள்ள சிறு சுவிட்சுகளை இதற்கு நெருக்கமான எண்ணில் வைக்க வேண்டும். பெட்டிகள் மைல் கணக்கில் கேட்கும் என்பதால் 1.6ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். காந்தங்களை எதிரெதிராக வையுங்கள். ஒரே பக்கம் வைத்தால் ஷாஃப்ட் சமநிலை கெட்டு அதிரும்.

குடந்தை டீசல் பம்ப் எழுதுகிறார்:

கும்பகோணத்தில் இருபது ஆண்டுகளாக டீசல் பம்ப் கழற்றிப் பூட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், கை ஆக்சிலேட்டர் யோசனையைப் பற்றி மட்டும் விரிவாக எழுத விரும்புகிறேன். நம் பகுதியில் வீட்டுக்கு வீடு டிராக்டர் ஓட்டிப் பழகியிருப்பதால், இந்த எண்ணம் எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றுகிறது.

டிராக்டரில் கை லீவரை ஓரிடத்தில் வைத்துவிட்டால், கலப்பை ஆழமாக இறங்கினாலும் எஞ்சின் சுற்று பெரிதாகக் குறைவதில்லை. அதற்குக் காரணம் லீவர் அன்று. பம்பினுள் உள்ள கவர்னர். சுற்று சற்றே குறைந்தவுடன் கவர்னரின் எடைகள் உள்ளே சுருங்கி, டீசலைக் கூட்டிவிடுகின்றன. எல்லாச் சுற்றிலும் இவ்வாறு வேலை செய்யும் கவர்னர் ஒரு வகை. ஐடிலையும் உச்சச் சுற்றையும் மட்டும் கட்டுப்படுத்திவிட்டு, இடைப்பட்ட சுற்றுகளை ஓட்டுநரின் காலுக்கே விட்டுவிடும் கவர்னர் இன்னொரு வகை. இரண்டாம் வகைப் பம்பில் லீவரைக் கட்டிவைத்தால், மேம்பாலம் ஏறும்போது வேகம் விழும், இறங்கும்போது ஏறிவிடும். முதல் வகைப் பம்பாக இருந்தால் வேகம் ஓரளவு நிற்கும் என்பது உண்மைதான்.

ஆனால் ஐயா, நிற்பது இங்கே கேள்வியே அல்ல. வயலில் ஏதேனும் குறுக்கே வந்தால் டிராக்டரின் கிளட்சை மிதித்தால் போதும். மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் அதற்கு நேரம் இருக்கிறது. எழுபத்தைந்தில் போகும்போது ஒரு ஆடு குறுக்கே வந்தால், உங்கள் கால் பிரேக்கைத்தான் மிதிக்கும். கை லீவரைத் தேடாது. பிரேக்கும் எஞ்சினும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். அந்த நிலையில் கிளட்சையும் மிதித்தால் சுமை நீங்கிய எஞ்சின் அலறிக்கொண்டு மேலே போகும். பிடித்து வைப்பதை ஒரு துண்டுக் கம்பியால்கூடச் செய்துவிடலாம். மிதித்த கணத்தில் விடுவதற்காகத்தான் இவ்வளவு கருவியும் ஒயரும் வேண்டியிருக்கின்றன. ஆகவே அந்த யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள்.

மின் மோட்டார் வகையைப் பொருத்தும்போது பம்ப் லீவரில் கவனிக்க வேண்டியவை உண்டு. மிதியின் கேபிளும் மோட்டாரின் கேபிளும் லீவரைத் தனித்தனியே இழுக்க வேண்டும். ஒன்று இழுக்கும்போது மற்றொன்று தளர்ந்து மடங்க இடம் வேண்டும். அதற்குத்தான் மணிச்சங்கிலி ஒன்று கொடுக்கிறார்கள். லீவர் ஐடிலில் இருக்கும்போது அந்தச் சங்கிலி நூலளவு தொய்ந்திருக்க வேண்டும். தொய்வே இல்லாவிட்டால் ஐடில் ஏறிவிடும். தொய்வு மிகுந்தால், மோட்டார் வெறுமனே இழுத்து, பிறகு திடீரென்று பிடித்து, வண்டி ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடும். பழைய ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு, கூடுதலாக இன்னொரு ஸ்பிரிங்கும் போடுங்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது லீவரைத் திருப்பும்.

இன்னொன்று: இந்த எஞ்சினுக்குச் சக்தி குறைவு. தொண்ணூறில் வைத்தால் லீவர் ஏற்கெனவே முக்கால் பங்கு திறந்திருக்கும். ஏற்றம் வந்தால் கருவி மேலும் இழுக்க எதுவும் இருக்காது. எழுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேதை உப்புக்காற்று எழுதுகிறார்:

நான் வேதாரண்யம் பக்கத்தில் இதே போன்ற ஒரு பழைய டீசல் ஜீப்பில் மின் மோட்டார் வகையைப் பொருத்தி மூன்று ஆண்டுகளாக ஓட்டுகிறேன். மேலே உள்ளவர்கள் சொன்னவை சரியானவை. நம் மண்ணில் ஓட்டுவதால் நான் பட்ட இரண்டு அனுபவங்களை மட்டும் சேர்க்கிறேன்.

முதல் ஆண்டு பங்குனியில் உளுந்துச் செடிகளைச் சாலையில் பரப்பியிருந்த இடத்தைக் கடந்தேன். வண்டி மிதித்தால் காய் உதிரும் என்று பரப்புவது நம் ஊர் வழக்கம். சிறிது தூரத்தில் அடியில் சரசரவென்று சத்தம் கேட்டது. இறங்கிக் குனிந்து பார்த்தபோது, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் உளுந்துக் கொடி கயிறு முறுக்கியதுபோல் தொடை அளவுக்குச் சுற்றியிருந்தது. அதற்குள் பிக்கப் காயிலின் ஒயர் அறுந்து சிக்கியிருந்தது. ஒரு காந்தத்தைக் காணோம். அதன் பிறகு காந்தங்களை ஒட்டியதோடு விடாமல், மேலே எஃகுப் பட்டையாலும் இறுக்கினேன். காயிலை ஷாஃப்ட்டின் நடுவில் வைக்காமல், டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) ஒட்டி, தகடு மறைக்கும் இடத்துக்கு மாற்றினேன். நல்ல வேளையாக, வேகத் துடிப்பு நின்றால் கருவி தானாகவே விலகிக்கொள்கிறது.

இரண்டாவது, பிரேக் விளக்கு. பெரும்பாலான கருவிகள் பிரேக் விளக்கின் பல்பு இழை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறதா என்று பார்க்கின்றன. நான் பின் விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றியதும் க்ரூஸ் பிடிக்கவே இல்லை. எங்கெங்கோ தேடிவிட்டு, ஒரு பக்கம் பழைய பல்பைப் போட்டதும் வேலை செய்தது. ஒரு ரிலே சேர்த்தும் இதைத் தீர்க்கலாம். கடலோர உப்புக்காற்றில் கனெக்டர்களுக்குள் பச்சை பூத்துவிடுவதால், ஒவ்வொன்றிலும் கிரீஸ் வைத்து மூடியிருக்கிறேன்.

வெண்ணாற்றுப் பாசனம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கை ஆக்சிலேட்டரையும் வேக்குவம் கருவியையும் விட்டுவிட்டேன். கிளட்சுக்குத் தனி சுவிட்ச் அவசியமா, இதனால் ஆர்.சி.யிலோ இன்சூரன்ஸிலோ சிக்கல் வருமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

பொன்மலை ஒயரிங்:

கட்டாயம் வேண்டும் ஐயா. பெட்ரோல் வண்டியில் தீப்பொறிக்கான இக்னிஷன் காயிலிலிருந்து எஞ்சின் சுற்றை எடுத்து, சுற்று திடீரென்று ஏறினால் விலகும்படி செய்வார்கள். டீசலில் அந்தக் காயில் இல்லை. எஞ்சின் சுற்றுக்கேற்பத் துடிப்பு தரும் ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து எடுக்கலாம் என்றாலும், எளிய சுவிட்சையே நான் நம்புவேன். கிளட்ச் மிதியைத் தொட்டவுடன் மின்சாரம் துண்டாகும் வகையில், மோட்டாரின் கரண்ட் வழியிலேயே அந்த சுவிட்சை வையுங்கள். பிரேக் மிதியிலும், விளக்கு சுவிட்ச் போக, இதுபோல் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று தனியாக இருக்கட்டும். டாஷ்போர்டில் கைக்கு எட்டும் இடத்தில் மொத்தமாக நிறுத்தும் சுவிட்சும் தனி ஃப்யூஸும் வையுங்கள்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத்தான் தடுக்கிறது. எஞ்சினையோ, இருக்கைகளையோ, உடலையோ நீங்கள் மாற்றவில்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மட்டும் எழுத்தில் தெரிவித்து, அவர்களுடைய பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையில் இறங்குமுன், எஞ்சின் நின்ற நிலையில் மோட்டாரின் சங்கிலியைக் கையால் இழுத்துவிட்டுப் பாருங்கள். பம்ப் லீவர் ஸ்டாப்பரில் "டக்" என்று வந்து மோத வேண்டும். பிறகு டெஸ்ட் லாம்ப் வைத்து, இரண்டு மிதிகளையும் தனித்தனியே மிதிக்கும்போது விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் சரியாகாமல் பொத்தானை அழுத்தவே கூடாது. மழையிலும், நான்கு சக்கர இயக்கத்திலும், நெல்லோ வைக்கோலோ காயும் சாலையிலும் பயன்படுத்தாதீர்கள்.

வெண்ணாற்றுப் பாசனம், ஆறு வாரங்களுக்குப் பிறகு:

வேலை முடிந்துவிட்டது. மின் மோட்டார் வகையையே பொருத்தினோம். கேபிளின் தொய்வைச் சரிசெய்ய மூன்று முறை கழற்ற வேண்டியிருந்தது. முதல் இரண்டு முறையும் குடந்தை நண்பர் சொன்ன அதே ஊஞ்சலாட்டம். எங்கள் மெக்கானிக்கும் உடனிருந்து பம்ப் லீவருக்கான இரண்டாவது ஸ்பிரிங்கை அவரே வளைத்துக் கொடுத்தார்.

வல்லத்துக்கும் செங்கிப்பட்டிக்கும் இடையே, காலை ஆறு மணிக்குச் சாலை வெறிச்சோடிக் கிடந்தபோது சோதித்தோம். எழுபத்திரண்டில் வைத்தேன். மேம்பாலத்தில் ஏறும்போது அறுபத்தொன்பதுக்கு இறங்கி, மறுபடி எழுபத்திரண்டுக்கு வந்தது. பிரேக்கைப் பத்து முறையும் கிளட்சைப் பத்து முறையும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். இருபது முறையும் விலகியது. நேற்று அம்மாவை மதுரைக்கு அழைத்துச் சென்றேன். துவரங்குறிச்சியில் நிறுத்தினோம், ஆனால் இந்த முறை அம்மா தேநீர் கேட்டதற்காக.