அச்சிட்ட விலையும் கடைக்காரரின் லாபமும்: உயர்தர ஸ்பீக்கர் விற்பனையில் எது நியாயம்?

கானாடுகாத்தான் ரசிகன்:
எங்கள் பூர்வீக வீட்டுக் கூடத்துக்கென்று சென்ற மாதம் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினேன். பெட்டியில் அச்சிட்ட 4,72,000 ரூபாயில் ஒரு காசும் குறையாது என்று சொல்லி முழுத் தொகையையும் வாங்கிக்கொண்ட கடைக்காரர், அதே வாரத்தில் அதே ஸ்பீக்கரை என் பங்காளி ஒருவருக்கு 15% தள்ளுபடியில், 4,01,200 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார். 70,800 ரூபாயை விட்டுக்கொடுத்த பிறகும் அவருக்குக் கட்டுபடியாகிறது என்றால், என்னிடம் வாங்கியதை என்னவென்று சொல்வது?

காரைக்குடி வியாபாரி:
ஐயா, நான் இதே தொழிலில் இருப்பவன். கணக்கை முழுதாகப் பாருங்கள். அந்த 4,72,000 ரூபாயில் அடங்கிய 18% ஜிஎஸ்டி 72,000 ரூபாய் போக மிச்சம் 4,00,000. அதில் நிறுவனம் எங்களுக்கு விடும் கழிவு 35% என்று வைத்துக்கொண்டால் அடக்க விலை 2,60,000, மொத்த லாபம் 1,40,000. 15% தள்ளுபடி கொடுத்தால் வரி போகக் கைக்கு வருவது 3,40,000 மட்டுமே என்பதால், லாபம் 80,000 ஆகிவிடுகிறது. வாங்குபவருக்கு 15% குறையும்போது எங்களுக்கு 43% குறைகிறது. வாடகையும் சம்பளமும் மாதக்கணக்கில் விற்காமல் முடங்கும் முதலுக்கான வட்டியும் அதிலிருந்துதான் போக வேண்டும். டெமோவுக்காகப் பெட்டி பிரித்த ஜோடியையோ பிறகு பழைய சரக்கு விலைக்குத்தான் தள்ள முடியும்.

கானாடுகாத்தான் ரசிகன்:
கணக்கை மறுக்கவில்லை. அந்த லாபத்துக்கு ஈடாக எனக்கு என்ன கிடைத்தது என்றுதான் கேட்கிறேன். கடையில் கம்பளமும் கனத்த திரையும் போட்ட அறையில் கேட்டு மயங்கினேன். என் வீட்டிலோ ஆத்தங்குடிக் கல் தரை, கண்ணாடிபோல் வழுவழுக்கும் சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த விட்டம்; மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்க முகம்) நாதம் அடங்காமல் கூடம் முழுதும் உருண்டு, பாடகரின் சொற்களை மூழ்கடிக்கிறது. வேன் ஓட்டுநர் பெட்டியை இறக்கிவிட்டுப் போனதோடு சரி, அமைத்துத் தர ஒருவரும் வரவில்லை.

தேவகோட்டை வாசகி:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளின்படி, அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதுதான் குற்றம். குறைத்து விற்க எந்தத் தடையும் இல்லை. "நிறுவனம் தள்ளுபடிக்கு அனுமதிப்பதில்லை" என்று சில கடைகளில் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. முகவர்கள் தரும் தள்ளுபடிக்கு வரம்பு கட்டியதற்காக 2021இல் மாருதி சுசுகிக்கு இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்ததே!

காரைக்குடி வியாபாரி:
அமைத்துத் தராதது பெரும் பிழை. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பள்ளத்தூரில் இதே மாதிரி வீட்டுக்கு நானே போய், தரையில் தடித்த ஜமக்காளம் விரித்து, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்து வைத்து, அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் என் கடையில் இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டு, சென்னைக் கடையில் பத்து சதவீதம் குறைவு என்று தொலைபேசியில் வாங்கிக்கொள்பவரிடம் அந்த அரை நாளுக்கான கூலியை நான் எப்படிக் கேட்பது?

கானாடுகாத்தான் ரசிகன்:
வெளிப்படையாகவே கேளுங்கள். ஸ்பீக்கருக்கு எல்லோருக்கும் ஒரே விலை, வீட்டுக்கு வந்து அமைக்க இவ்வளவு என்று தனித்தனியாக எழுதிப் போடுங்கள். 15,000 என்றாலும் தரத் தயார். என்னைப் பொறுத்தவரை, ஆள் பார்த்து விலை சொல்வதுதான் ஏற்க முடியாதது.

காரைக்குடி வியாபாரி:
எழுதிப் பார்த்தேன் ஐயா. "கொண்டுவந்து வைக்கவுமா காசு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர்கள்தான் அதிகம்.