சர்க்கரை நோயாளிகள் பட்டியல்: மூன்று குவெரிக்கு மூன்று எண்ணிக்கை வருகிறது, எது சரி?

ஓபிசீட்டு:
வணக்கம். ஒரு சிறு நகரத்தில் 30 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். கணினி சம்பந்தப்பட்டது எல்லாம் என் தலையில்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான், சர்வர் படுத்தாலும் நான். மின்னணு மருத்துவப் பதிவுக்கு மாறி ஆறு வருடம் ஆகிறது, பின்னால் இருப்பது மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம்.

போன வாரம் பெரிய டாக்டர் கூப்பிட்டு, "நம்மிடம் வருகிற சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர்? அதில் ஒரு வருடமாகக் கண் பரிசோதனை செய்யாதவர்கள் யார் யார்? பட்டியல் கொடுப்பா" என்றார். ஒரு மணி நேர வேலை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

தரவுத்தளத்தில் மூன்று விதமாகக் கேள்வி (குவெரி) போட்டு எடுத்துப் பார்த்தேன். நோய்களுக்கான உலகக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-இல் வகை 2 சர்க்கரை நோய்க்கு உள்ள ஈ11 (E11) குறியீடு போடப்பட்டவர்கள் 412 பேர். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எழுதப்பட்டவர்கள் 1,038 பேர். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் ரத்த டெஸ்ட்) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் 2,967 பேர். கடைசி எண்ணைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார், "வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சர்க்கரையா?" என்று. எதை நம்புவது? மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாமா?

தூங்காநகரம்:
சேர்த்தால் தப்பும் சேர்ந்து வரும். எச்பிஏ1சியை எப்படித் தேடினீர்கள்? ஐந்தாறு வரி ஒட்டுங்கள், பார்ப்போம்.

ஓபிசீட்டு:
லேபில் ஆளுக்கு ஒரு விதமாக டைப் செய்திருக்கிறார்கள். நடுவில் இடைவெளி விட்டு, கோடு போட்டு, சின்ன எழுத்தில், பெரிய எழுத்தில். அதனால் 'எச்பி%' என்று கொடுத்து, அப்படித் தொடங்குகிற எல்லாவற்றையும் எடுத்தேன்.

(திருத்தம்: பெயர்களை நீக்கிவிட்டேன்.)
அ, மார்ச் 12: 11.2
அ, மார்ச் 13: 10.4
அ, மார்ச் 15: 9.8
ஆ, ஏப்ரல் 2: 7.9
இ, ஏப்ரல் 9: 13.1
ஈ, ஏப்ரல் 9: 53

லேப்மேட்:
தம்பி, முதலில் பெயரையும் நோயாளி எண்ணையும் எடுங்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதில் ஒருத்தர் இதைப் படிக்கிறவரின் பக்கத்து வீட்டுக்காரராகவே இருக்கலாம்.

ஓபிசீட்டு:
எடுத்துவிட்டேன் அண்ணா. அவசரத்தில் யோசிக்கவில்லை, மன்னிக்கவும்.

லேப்மேட்:
சரி, விஷயத்துக்கு வருவோம். 'அ' என்கிற ஆளைப் பாருங்கள். நான்கு நாளில் மூன்று டெஸ்ட், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். அதனால்தான் 'மூணு மாச சுகர்' என்கிறோம். அதை நான்கு நாளில் மூன்று தடவை யாரும் பார்க்க மாட்டார்கள், அந்த வேகத்தில் அது இறங்கவும் செய்யாது. அது ஹீமோகுளோபின். ஆபரேஷன் கேஸாக இருக்கும், ரத்தம் போயிருக்கும். 'இ' வரியில் உள்ள 13.1-ம் அதுவாகத்தான் தெரிகிறது.

பழைய லேப் படிவங்களில் ஹீமோகுளோபினையே 'எச்பி%' என்றுதான் அச்சடித்திருப்பார்கள். நீங்கள் குவெரியில் போட்டது எழுத்துக்கு எழுத்து அதே! ரத்த டெஸ்ட் எடுத்த எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஹீமோகுளோபின் 6.5க்குக் கீழே இறங்கியவர்கள் மட்டும்தான் உங்கள் கணக்கில் சர்க்கரை இல்லாதவர்கள்.

அந்த 53 தப்பில்லை, அலகு வேறு. மில்லிமோல் கணக்கில் 53 என்றால் 7 சதவீதம். சதவீதத்தில் 2.15-ஐக் கழித்து 10.929-ஆல் பெருக்கினால் மில்லிமோல் வரும். வெளி லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து டைப் செய்திருப்பார்கள்.

தூங்காநகரம்:
லேப்மேட் அண்ணா சொன்னதோடு இன்னொன்று. டேபிளில் ரிசல்ட் இருக்கும் நெடுவரிசை எழுத்து வகையா, எண் வகையா? எழுத்து வகை என்றால் '>14' என்று டைப் செய்த ரிசல்ட்டை எண்ணோடு ஒப்பிடும்போது மைஎஸ்க்யூஎல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அதாவது சர்க்கரை மிக மோசமாக இருப்பவர்தான் பட்டியலிலிருந்து விழுவார்.

லேபில் இருக்கும் டெஸ்ட் பெயர்களைத் தனித்தனியாக எடுத்து ஒரு தாளில் அச்சடியுங்கள். லேப் ஆளோடு உட்கார்ந்து எது எது எச்பிஏ1சி என்று டிக் அடிக்கச் சொல்லுங்கள். டிக் அடித்ததற்கு மட்டும் பெயரையும் குறியீட்டையும் இணைக்கும் ஒரு மேப்பிங் டேபிள் போட்டு, லாயின்க் (லேப் டெஸ்ட்களுக்கான உலகப் பொதுக் குறியீடு) 4548-4 கொடுங்கள். மில்லிமோலில் வருவதற்கு 59261-8. இனிமேல் குவெரி பெயரைத் தொடவே கூடாது.

ஓபிசீட்டு:
உட்கார்ந்தோம். எச்பி என்று தொடங்கும் பெயர் மட்டும் 61 இருந்தது, அதில் 17 தான் எச்பிஏ1சி. மஞ்சள் காமாலை டெஸ்ட் எச்பிஎஸ்ஏஜி கூட உள்ளே இருந்தது. 'நெகட்டிவ்' பூஜ்யமானதால் அது எண்ணிக்கையில் ஏறாமல் தப்பித்திருக்கிறது. '>14' நிஜமாகவே இருக்கிறது, 9 பேர்!

இப்போது 2,967 இறங்கி 1,121-க்கு வந்துவிட்டது. மாத்திரைப் பட்டியலுக்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் இரண்டிலும் இருக்கும் ஆட்கள் ஒரே ஆட்கள் இல்லை. அது ஏன்?

டூட்டிடாக்டர்:
மாத்திரையை வைத்து நோயைச் சொன்னால் ஏமாந்துபோவீர்கள். மெட்ஃபார்மின் சினைப்பை நீர்க்கட்டிக்கும் கொடுப்போம், சர்க்கரை வரும் விளிம்பில் இருப்பவர்களுக்கும் கொடுப்போம். டாபாகிளிஃப்ளோசின் இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரக நோய்க்கும் போகிறது, அவர்களில் பலருக்குச் சர்க்கரையே கிடையாது. கர்ப்ப காலத்தில் மட்டும் இன்சுலின் போட்டவர்களைத் தனியாக வையுங்கள். பிற்காலத்தில் சர்க்கரை வர வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்களுக்கு வேறு பட்டியலே வேண்டும்.

எச்பிஏ1சியும் வேதவாக்கு இல்லை. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் கூடுதலாகக் காட்டலாம். டயாலிசிஸ் நோயாளிகளுக்கும், சமீபத்தில் ரத்தம் ஏற்றியவர்களுக்கும் குறைத்துக் காட்டலாம். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு 6.6-ஐ வைத்து நாங்களே முத்திரை குத்துவதில்லை, இன்னொரு டெஸ்ட் பார்ப்போம்.

412 ஏன் இவ்வளவு குறைவு என்றால், குற்றவாளி நாங்கள்தான். ஓபியில் நூறு பேர் நிற்கும்போது குறியீட்டைத் தேடிப் போட யாருக்கு நேரம்? இன்சூரன்ஸ் கேஸ் என்றால் மட்டும் ஒழுங்காகப் போடுவோம்.

பதிவேட்டுக்காரி:
நான் புற்றுநோய்ப் பதிவேட்டில் வேலை பார்த்தவள். மக்கள்தொகை அளவிலான புற்றுநோய்ப் பதிவேடு மும்பையில் 1960-களிலேயே தொடங்கிவிட்டது, சென்னையிலும் பெங்களூருவிலும் 1982 வாக்கில். கணினி கைக்கு வருவதற்கு முன்னால், எல்லாம் தாளில். அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: எதன் அடிப்படையில் இது புற்றுநோய் என்று சொல்கிறீர்கள்? திசுப் பரிசோதனையா, ஸ்கேனா, இறப்புச் சான்றிதழ் மட்டுமா? அந்தக் கட்டம் காலியாக இருந்தால் படிவம் திரும்பி வரும்.

உங்கள் டேபிளிலும் அந்தக் கட்டத்தை வையுங்கள் தம்பி. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எந்தக் காரணத்தால் உள்ளே வந்தார், எந்தத் தேதியில் என்று இருக்கட்டும். குறியீடு இருந்தாலோ எச்பிஏ1சி இரண்டு தடவை 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ 'உறுதி'. ஒரே ஒரு தடவை, அல்லது மாத்திரை மட்டும் என்றால் 'சந்தேகம்'. சந்தேகப் பட்டியலை டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும்.

முக்கியமாக, டாக்டர் "இவருக்குச் சர்க்கரை இல்லை" என்று நீக்கினால் வரியை அழித்துவிடாதீர்கள். 'நீக்கப்பட்டது, யாரால், ஏன்' என்று குறித்து வையுங்கள். அழித்தால், ராத்திரி தானாக ஓடிப் பட்டியலைப் புதுப்பிக்கும் நிரல் (ஜாப்) மறுபடி உள்ளே கொண்டுவந்துவிடும். மூன்றாவது தடவை அதே பெயரை நீக்கச் சொன்னால் எந்த டாக்டரும் உங்கள் பட்டியலைத் திறக்க மாட்டார்.

தூங்காநகரம்:
அக்கா சொன்னதைச் செய்வதற்கு முன் இரட்டைப் பதிவுகளையும் பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. தனலட்சுமியை ஆங்கிலத்தில் D என்றும் தொடங்குவார்கள், Dh என்றும், T போட்டும். உச்சரிப்பை வைத்து ஒத்த பெயர்களைத் தேடும் சவுண்டெக்ஸ் முறை முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் என்பதால் நம் பெயர்களுக்கு அவ்வளவாக உதவாது. போன் நம்பரும் தனியாக நம்ப முடியாது, வீட்டுக்கே ஒரு நம்பர்தான் கொடுத்திருப்பார்கள். போன், ஆணா பெண்ணா, பிறந்த வருடம் (இரண்டு வருடம் முன்பின்) மூன்றும் ஒத்துப்போனால் சந்தேக ஜோடி என்று காட்டுங்கள், தானாக இணைக்காதீர்கள். ஆபா எண் (அரசு தரும் சுகாதார அடையாள எண்) கொடுத்தவர்களுக்கு அந்த 14 இலக்கம் போதும்.

ஓபிசீட்டு:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். இப்போது உறுதி 874, சந்தேகம் 391. சந்தேகத்தில் தினமும் இருபது பெயரை மதிய ஓபி முடிந்ததும் டாக்டரே பார்க்கிறார்.

நடுவில் ஒரு தப்பு நடந்துவிட்டது. கண் பரிசோதனை செய்யாதவர்களுக்கு ரிசப்ஷனிலிருந்து போன் செய்யச் சொன்னேன். நான்காவது போனை எடுத்த அம்மா, "அவர் போய் எட்டு மாசம் ஆச்சு. உங்க ஆஸ்பத்திரியிலதான்" என்றார். ரிசப்ஷன் தங்கை அப்புறம் அன்றைக்கு யாருக்கும் போன் செய்யவில்லை. டிஸ்சார்ஜ் டேபிளில் இறப்பு பதிவாகியிருந்தது, நோயாளி டேபிளுக்கு வரவில்லை. இப்போது இரண்டையும் இணைத்து, 24 மாதமாக வராதவர்களையும் தனியாக ஒதுக்கிவிட்டேன்.

இன்னொரு சிக்கல். எங்களிடம் கண் டாக்டர் இல்லை. வெளியே பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் 'செய்யவில்லை' என்றே வருகிறார்கள்.

டூட்டிடாக்டர்:
'செய்யவில்லை' வேறு, 'நமக்குத் தெரியாது' வேறு. அதைத் தனி மதிப்பாகவே வையுங்கள். வாய் வார்த்தையை மட்டும் வைத்துப் 'பார்த்தாச்சு' என்று போடாதீர்கள். கண்ணாடிப் பவர் பார்த்ததையும் கண் டெஸ்ட் என்றுதான் சொல்வார்கள், நமக்கு வேண்டியது மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தது.

பதிவேட்டுக்காரி:
போனை விட ஓபி சீட்டு நல்லது. பதிவேட்டில் இருப்பவர் வந்தால் சீட்டின் அடியில் "கண் ரிப்போர்ட் இருக்கிறதா?" என்று ஒரு வரி அச்சாகட்டும். பிரஷர் பார்க்கும் சிஸ்டர் கேட்டு, ரிப்போர்ட்டில் உள்ள தேதியை எழுதிவிடுவார்.

ஓபிசீட்டு:
நல்ல யோசனை அக்கா. திங்கள்கிழமை முதல் போட்டுப் பார்க்கிறேன், பிரிண்டர் விட்டால்.