பட்டாரோ: திறந்து பார்த்தால்தான் தெரியும்

பழைய சீர்ப்பெட்டி என்றால் எல்லோர் கண்ணும் முகப்பு வேலைப்பாட்டில்தான் நிற்கும். நானும் அப்படித்தான் பார்த்து வந்தேன். அகமதாபாத்தில் வேலை பார்த்தபோது, நண்பர் ஒருவர் பாவ்நகர் பக்கமுள்ள தன் ஊருக்குக் கூட்டிப்போனார். அங்கே அவர் பாட்டியின் பட்டாரோவைப் பார்த்தேன்.

குஜராத்தில் மணப்பெண்ணோடு புகுந்த வீட்டுக்குப் போகிற பெரிய மரப்பெட்டிதான் பட்டாரோ. கனத்த பலகை, அதன்மேல் பித்தளைத் தகடு, இரும்புப் பட்டை, குமிழ் ஆணிகள். அடியில் மரச் சக்கரங்கள் இருக்கும். நிரப்பிவிட்டால் தள்ளத்தான் முடியும், தூக்க முடியாது. ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளை அடுக்கி வைக்கும் டாமச்சியா என்ற மரத் தாங்கியும் சீரில் சேர்த்திதான். செதுக்கு வேலையும் கண்ணாடிப் பதிப்பும் அதில் கண்ணைப் பறிக்கும்.

அந்த வீட்டுப் பெட்டியில் மூடி முழுசாகத் திறக்கவில்லை. முன்பக்கத்தில் மேலே ஒரு சின்னக் கதவு, அவ்வளவுதான். மேலே கூரை எட்டும்படி ரஜாய்கள் அடுக்கியிருந்தார்கள். ஒன்றையும் இறக்காமலே உள்ளேயிருந்து எடுக்கலாம். பாட்டியை எல்லோரும் 'பா' என்றுதான் கூப்பிட்டார்கள். பா தோள்வரை கையை விட்டுத் துழாவி ஒரு சாக்ளாவை எடுத்தார். சீர்ப் பொருளைக் கட்டிக்கொண்டு வந்து, அப்புறம் சுவரில் மாட்டும் சதுரத் துணி அது. மயிலும் கண்ணாடிச் சில்லும் நிறைந்த தையல். ஒரு மூலையில் மட்டும் நூல் கோணல்மாணலாக ஓடியிருந்தது. அதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இது என் தங்கை போட்டது. அப்போதுதான் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்."

அந்தப் பெட்டி நிறைய இருந்தது பெண்பிள்ளைகளின் உழைப்பு. அது பாரமாகவும் ஆகியிருக்கிறது. கட்ச் பகுதியின் டேபரியா ரபாரி சமூகத்தில் சீருக்கான தையல் முடியாமல் கல்யாணங்களே தள்ளிப்போயின. கடைசியில் 1995ல் சமூகப் பெரியவர்கள் எம்பிராய்டரிக்கே தடை போட்டுவிட்டார்கள். தடை வந்த காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அத்தனை கைவேலையும் ஒரே முடிவில் நின்றுபோனதை நினைத்தால் மனசு கனக்கிறது.

இன்று இந்தப் பெட்டிகளை அலங்காரப் பொருளாக வாங்குகிறார்கள். சக்கரத்தை அறுத்துவிட்டு, மேலே கண்ணாடி போட்டு டீப்பாய் ஆக்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். வாங்குகிறவர்கள் பாலிஷில் மயங்காமல் சின்னக் கதவைத் திறந்து பாருங்கள். பல தலைமுறை கை புழங்கிய விளிம்பு மழுங்கி வழவழப்பாக இருக்கும். வெளியே பழசாகவும் உள்ளே பலகை புத்தம்புதுசாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய கதவிலிருந்து எடுத்த சிற்பத்தைப் புதுப் பெட்டியில் ஒட்டுவதும் நடக்கிறது.

வீட்டிலேயே சீர்ப்பெட்டி இருக்கிறவர்கள், ஈரத் தரையில் படாமல், கரையான் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு வந்த பாட்டி இருந்தால், உள்ளே என்னென்ன வைத்துக் கொண்டுவந்தார், எதை யார் தைத்தது என்று கேட்டு எழுதி, அந்தத் தாளையும் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.