உவரியிலிருந்து திரும்பிய இரவும், துடித்த முகப்பு விளக்கும்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்:

வைகாசி விசாகத்துக்கு உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். திசையன்விளையைத் தாண்டி விஜயநாராயணம் வரும் வழியில், காரின் முகப்பு விளக்குகள் இரண்டும் மறுபடியும் துடிக்க ஆரம்பித்தன. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் வெளிச்சம் மங்கி மறுபடி எழுந்தது. இருபுறமும் பனைமரங்கள், சாலையில் வேறு வெளிச்சமே இல்லை. ஒருமுறை விளக்கு மீண்டபோது, வெகு அருகில், சைக்கிளில் ஒரு பெரியவர் போய்க்கொண்டிருந்தார். பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னாலிருந்து அம்மா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். நாங்குநேரி வரை 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை.

இத்தனைக்கும் அதற்கு முந்தைய வாரம்தான் இந்தத் துடிப்புக்காகவே ஓர் ஒர்க்ஷாப்பில் பேட்டரியை மாற்றியிருந்தேன். அதற்கும் முன் பல்புகளை மாற்றியாயிற்று. எதையும் சோதிக்காமலே ‘பேட்டரி போய்விட்டது’ என்று சொன்னார்கள், நானும் நம்பினேன்.

மறுநாள் எங்கள் தெருமுனையில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போனேன். வயதானவர். பானெட்டைத் திறக்கும் முன்பே, “தம்பி, துடிக்கும்போது உள்விளக்கும் சேர்ந்து துடிக்கிறதா?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணாச்சி, முகப்பு விளக்கு மட்டும்தான்.”

“அப்படியானால் பேட்டரியையும் டைனமோவையும் விட்டுவிடலாம்” என்றார். இந்த ஒரு கேள்வியை யாராவது முதலிலேயே கேட்டிருந்தால் பேட்டரிக்குக் கொடுத்த பணம் மிஞ்சியிருக்கும். வண்டியின் எல்லா விளக்குகளும் சேர்ந்து துடித்தால் மின்சாரம் பிறக்கும் டைனமோ, பேட்டரி பக்கம் கோளாறு. ஒரு பக்க விளக்கு மட்டும் துடித்தால் அதன் ஹோல்டரிலோ வயரிலோ. முகப்பு விளக்கு இரண்டும் மட்டும் துடித்தால் அவை இரண்டுக்கும் பொதுவான ரிலே (விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி), சுவிட்ச், எர்த் (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) ஆகியவற்றில் தேட வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, மல்டிமீட்டரை வைத்தார். பேட்டரியில் 14.1 வோல்ட். பல்பு ஹோல்டரில் 11.3 வோல்ட்தான். நடுவில் 2.8 வோல்ட் எங்கோ தொலைகிறது. ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை ஹோல்டரின் எர்த் பின்னிலும் வைத்தார். நல்ல எர்த் என்றால் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாதாம். 2.1 காட்டியது! வயரை லேசாக அசைத்ததும் எண் தாவியது. அந்தத் தாவலைப் பார்த்தபோது எனக்கு விஜயநாராயணம் சாலைதான் கண்முன் வந்தது.

பேட்டரித் தட்டுக்குப் பக்கத்தில், பாடியோடு முகப்பு விளக்குகளின் எர்த் வயரை முடுக்கிய போல்ட்டைக் காட்டினார். வயர் முனை முழுக்கப் பச்சைக் களிம்பு, அடியில் துரு. இந்தக் கார் எனக்கு வரும் முன் ஆறு வருடம் உவரியில் அண்ணன் வீட்டு வாசலில், கடற்காற்றில் நின்ற வண்டி. உப்பு தன் வேலையைச் செய்திருந்தது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பாடியில் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார். வயர் முனையை வெட்டிப் புதிதாகப் போட்டு, இறுக்கி, மேலே வாஸ்லைன் தடவினார். முக்கால் மணி நேர வேலை.

வெளிச்சத்தைப் பார்த்து நான் திகைத்துப்போனேன். ஹாலஜன் பல்புக்கு வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். எத்தனை மாதம் அரை வெளிச்சத்தில் ஓட்டினேனோ!

களக்காட்டிலிருந்து இன்னொருவர்:

எனக்கு நேர்ந்தது மறுவகை. வண்டி நின்று எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது எல்லா விளக்கும் மங்கித் துடிக்கும், ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் சரியாகிவிடும். மலையடிவாரத்தில் இரவில் காட்டுப்பன்றி குறுக்கே வரும் ஊர் எங்களுடையது, அதனால் தள்ளிப்போடவில்லை. ஓடும் எஞ்சினில் பேட்டரியில் 12.3 வோல்ட்தான் இருந்தது, 14 பக்கம் இருக்க வேண்டும். பெல்ட் இறுக்கமாகவே இருந்தது. டைனமோவைப் பிரித்தபோது, உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாகியிருந்தது. அதை மாற்றியதும் 14.2 வந்தது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டைனமோவைச் சோதிக்கிறேன் என்று எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றுகிறார்கள். யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். வோல்ட்டேஜ் சட்டென்று எகிறி வண்டியின் கணினியையே எரித்துவிடக்கூடும். மீட்டர் இருக்கும்போது அந்தப் பழைய முறை எதற்கு?

மேலப்பாளையத்திலிருந்து வேறொருவர்:

ஹாலஜனை எடுத்துவிட்டு எல்.இ.டி. பல்பு போட்ட அன்றே என் காரில் துடிப்பு தொடங்கியது. எர்த், ரிலே எல்லாம் நன்றாக இருந்தன. சில கார்களில் கணினி மின்சாரத்தை விட்டு விட்டுத்தான் அனுப்புகிறது. ஹாலஜன் இழை அந்த இடைவெளியில் ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை, எல்.இ.டி. அப்படியே காட்டிவிடுகிறது. பழைய ஹாலஜன் பல்பையே திரும்பப் போட்டேன், நின்றுவிட்டது.

பாளையங்கோட்டையிலிருந்து, மறுபடியும்:

களக்காட்டு அண்ணாச்சி சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் எலக்ட்ரீசியனிடம் கேட்டேன். அவரும் ஓடும் எஞ்சினில் பேட்டரி வயரைத் தொடவே மாட்டாராம். இன்னொன்றும் சொன்னார்: கடலோரத்தில் நிற்கும் வண்டி என்றால், ஐப்பசி மழைக்கு முன் அந்த எர்த் போல்ட்டை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட வேண்டும். இப்போது வண்டியில் ஒரு துண்டு உப்புத்தாளும் பத்தாம் நம்பர் ஸ்பேனரும் வைத்திருக்கிறேன்.